பத்தாண்டு வீட்டுக்கு ஐந்தாண்டு விசா: வாசகர் கேள்விகள்

‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற நீண்டகால விசாத் திட்டத்துக்கு வங்கி வைப்பு மட்டும் போதுமா? எனக்கு வயது 58. (பொங்கோல் வாசகர்)

போதாது. 2024இல் மாற்றப்பட்ட விதிகளின்படி, முக்கியப் பிரிவுகளில் கீழ்நிலையான சில்வருக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புடன் குறைந்தது 600,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடும் வாங்க வேண்டும். அந்த வீட்டைப் பத்தாண்டுகளுக்கு விற்க முடியாது; விசாவோ ஐந்தாண்டுக்குத்தான். முகவர் தரும் வாக்குறுதி எதுவானாலும் எழுத்துமூலம் வாங்குங்கள்.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி நான். சென்னையில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஓசிஐ அட்டை எடுக்கலாமா? (ஈசூன் வாசகி)

இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அந்த அட்டை இந்தியக் குடிமகளுக்கு எதற்கு? நீங்கள் கவனிக்க வேண்டியது இங்குள்ள மறுநுழைவு அனுமதியை. அது காலாவதியான பின்னும் வெளிநாட்டிலேயே தங்கினால் நிரந்தரவாசத் தகுதியை இழக்க நேரிடலாம். மேலும், நிரந்தரவாசிகள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுமையாக வாடகைக்கு விட முடியாது என்பதால், அந்த வாடகையை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

சிங்கப்பூர்க் குடிமகனான நான் இணையம்வழி வேலை செய்கிறேன். ஜோகூரில் வீடெடுத்து, முப்பது நாளுக்கு ஒருமுறை கடற்பாலத்தைத் தாண்டி வந்துபோனால் விசாவே வேண்டாம் என்கிறார் நண்பர். (செங்காங் வாசகர்)

இந்த நண்பரைப் பற்றி எனக்கு வராத கடிதமே இல்லை. ஆனால் அவர் சோதனைச்சாவடி வரிசையில் உங்களுடன் நின்றதாக மட்டும் யாரும் எழுதியதில்லை. வருகை அனுமதி என்பது வந்து பார்த்துச் செல்பவருக்கு உரியது. மாதந்தோறும் நுழைவதும் வெளியேறுவதும் பதிவாகிக்கொண்டே இருக்க, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஓர் அதிகாரி முடிவுசெய்து அனுமதி மறுத்தால், வாடகை வீடும் கணினியும் அக்கரையில், நீங்கள் இக்கரையில். உங்களைப் போன்றவர்களுக்காகவே மலேசியா 2022இல் ‘டிஇ ரந்தாவ்’ அனுமதியைக் கொண்டுவந்தது: ஓராண்டு வரை தங்கலாம், இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம், தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர், மற்றவர்களுக்கு 60,000 டாலர் அளவில் தேவைப்படும். தாய்லாந்தைப் பரிசீலித்தால், இணையம்வழி வேலை செய்வோரும் பெறக்கூடிய, 2024இல் தொடங்கிய ஐந்தாண்டு ‘டிடிவி’ விசாவுக்கு 500,000 பாட் சேமிப்பைக் காட்ட வேண்டும். ஒரு நுழைவில் 180 நாள் வரை தங்கலாம். எந்த நாடானாலும் ஓராண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினால் வருமான வரிக் கேள்வி எழும். உங்கள் முதலாளியின் சம்மதத்தையும் எழுத்துமூலம் பெறுங்கள். ‘வாய்மொழியாகச் சரி என்றார்’ என்பது சம்மதமாகாது.

தாய்லாந்தின் ஓய்வு விசாவில் சென்று சமையல் வகுப்பு நடத்தலாமா? (ஜூரோங் வாசகி)

முடியாது. 50 வயது நிரம்பியோர் 800,000 பாட் வைப்பைக் காட்டிப் பெறும் அந்த விசா, வேலை செய்ய அனுமதிப்பதில்லை.

என் தாத்தா தஞ்சாவூர்க்காரர். ஓசிஐ அட்டை பெற்று அங்கே நஞ்சை நிலம் வாங்க எண்ணுகிறேன். (தெம்பனிஸ் வாசகர்)

தாத்தாவின் பூர்வீகத்துக்கும் அவருடனான உங்கள் உறவுக்கும் ஆவணங்கள் இருந்தால், சிங்கப்பூர்க் குடிமகனான உங்களுக்கு அட்டை கிடைக்கும், வீடும் வாங்கலாம். விளைநிலம், தோட்டம், பண்ணைவீடு ஆகியவற்றை வாங்க முடியாது. உறவினர் பெயரில் வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள்.