1963 கார்வெட் விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: நான் டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே ஒருவர் 1963 செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே கூபேயை விற்கிறார். பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த மாடல். "எஞ்சின் காரோடு வந்த அதே எஞ்சின், பாடி ஃபைபர், துரு பயமே இல்லை" என்கிறார். நம்பலாமா?

பதில்: கார் அருமையான கார். ஆனால் துரு விஷயத்தில் அவர் சொல்வது பாதிதான் உண்மை. வெளியே தெரிவதுதான் ஃபைபர். அடியில் இருக்கும் சேஸிஸும், முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கும் உள்கூடும் இரும்பு. கண்ணாடியின் கீழ் மூலைகளில் தண்ணீர் இறங்கி இறங்கி அந்தக் கூடு அரித்துப்போயிருக்கும், மேலே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும். லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ் மேல்நோக்கி வளையும் இடம்வரை பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அது போயிருந்தால் பாடியையே கழற்ற வேண்டிவரும், செலவு தாங்காது.

அடுத்து எஞ்சின். கையுறைப் பெட்டிக்குக் கீழே இருக்கும் தகட்டு எண் 30837 என்று தொடங்க வேண்டும், அதாவது 63-ம் வருட கூபே. ஆனால் எந்த எஞ்சினோடு வந்த கார் என்று அந்த எண் சொல்லாது, அதனால்தான் இதில் இவ்வளவு தில்லுமுல்லு நடக்கிறது. எஞ்சினின் முன்பக்கம், பயணி இருக்கும் பக்கத்து சிலிண்டர் ஹெட்டை ஒட்டி ஒரு சமதளம் இருக்கும். அதில் காரின் வரிசை எண்ணும், தயாரித்த தேதியும், கடைசியில் இரண்டு எழுத்துகளும் அடித்திருப்பார்கள். RD என்றால் 300 குதிரைத்திறன், RF என்றால் 360 தரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அங்கே தொழிற்சாலை மெஷின் விட்ட மெல்லிய கோடுகள் இல்லாமல் வழவழவென்று இருந்தால், தேய்த்து மறுபடி அடித்ததாக இருக்கலாம்.

அப்புறம் அந்தப் பின்கண்ணாடி. நடுத்தண்டு வேண்டும் என்றவர் டிசைன் தலைவர் பில் மிட்செல், பின்னால் வருவது தெரியாது என்று எதிர்த்தவர் எஞ்சினியர் சோரா ஆர்கஸ்-டன்டோவ். 64-லேயே தண்டு போய்விட்டது, ஆக அந்த ஒரே வருடத்தில் வந்த 10,594 கூபேக்கள்தான். அந்தக் காலத்தில் சில உரிமையாளர்களே தண்டை வெட்டிவிட்டு ஒற்றைக் கண்ணாடி போட்டார்கள். விலை ஏறியதும் திரும்ப ஒட்டியவர்களும் உண்டு. கண்ணாடியைச் சுற்றி உள்பக்கம் தடவிப் பாருங்கள்.

கூடு நன்றாக இருந்து, எஞ்சின் மட்டும் மாற்றியது என்றால், அதற்கேற்ப விலையைக் குறைத்து வாங்குங்கள், நான் அதைத்தான் செய்வேன், தாராளமாக ஓட்டலாம். ஒரிஜினல் விலையே கேட்கிறார் என்றால் கார்வெட் மறுசீரமைப்புச் சங்கமான என்சிஆர்எஸ்-ஸில் அனுபவம் உள்ள ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். ஓட்டிப் பார்க்கும்போது முன்னால் போகும் வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளியே போங்கள், டிஸ்க் பிரேக் 65-ல்தான் வந்தது, இதில் நான்கும் டிரம்.