அடுத்த ஆட்டம்

அன்புள்ள சார்,

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். டென்னிஸ் பார்ப்பது ஒன்றுதான் எனக்கிருக்கும் கெட்ட பழக்கம். அதை என் அக்கா மகனுக்கும் தொற்ற வைத்துவிட்டேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் இளையவர் அல்கராஸ் கட்சி, நான் மூத்தவர் ஜோகோவிச் கட்சி.

2025 அமெரிக்க ஓப்பன் அரையிறுதியை ராத்திரி கண் விழித்துச் சேர்ந்து பார்த்தோம். ஜோகோவிச் 4-6, 6-7, 2-6 என்று தோற்றதும், “மாமா, உங்காளு கதை முடிஞ்சுது” என்றான். அந்த ஆண்டு ஜனவரியில், மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனில் இதே அல்கராஸை, வலிக்கிற காலோடு நாலே செட்டில் ஜெயித்தாரே என்று கேட்டேன். “அது ஒரு மேட்ச் மாமா” என்கிறான். அப்படியானால் இதுவும் ஒரு மேட்ச்தானே? இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா, “ரெண்டு பேரும் அந்த வெளிநாட்டுக்காரனுங்க ஊட்டுலயே போய்ச் சோறு தின்னுங்க” என்று சொல்லிவிட்டாள்.

2001 விம்பிள்டனில் சாம்ப்ரஸ் ஃபெடரரிடம் தோற்றதைப் பற்றி, ‘அன்றோடு ஒரு யுகம் முடிந்தது’ என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அவன் இப்போது அதையே எனக்கு எதிராகக் காட்டுகிறான். ஒரே ஆட்டத்தில் யுகம் முடியுமா சார்?

எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

அந்த வரிக்காக உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். காதுக்கு நன்றாக இருக்கிறதே என்று எழுதியது. நடந்தது வேறு.

2001 ஜூலை 2 அன்று நான்காவது சுற்று. எட்டு ஆண்டுகளில் ஏழு முறை பட்டம் வென்ற சாம்ப்ரஸ், விம்பிள்டனில் தொடர்ந்து 31 ஆட்டங்கள் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். எதிரே 19 வயது ஃபெடரர். ஐந்தாவது செட்டை 7-5 என்று ஃபெடரர் எடுத்தபோது நான் எழுந்து நின்று கத்தினேன். இரண்டே நாளில், காலிறுதியில் அதே ஃபெடரர் ஹென்மனிடம் தோற்றார். மறு ஆண்டு இதே விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே, 18 வயது ஆன்சிச்சிடம் ஒரு செட்கூட எடுக்காமல், நேர் செட்களில் தோற்று வெளியேறினார். அவர் கையில் கோப்பை வந்தது 2003இல்தான்.

சாம்ப்ரஸும் அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. 2002 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில், தகுதிச் சுற்றில் தோற்றும் கடைசி நேரத்தில் இடம் கிடைத்து உள்ளே வந்த பாஸ்டிலிடம் தோற்றார். இனி என்ன என்று எல்லோரும் கையை விரித்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு அமெரிக்க ஓப்பன் இறுதிகளிலும் 20 வயதுக்காரர்கள் அவரைச் சாய்த்திருந்தார்கள்: 2000இல் சாஃபின், 2001இல் ஹியூவிட். அந்த மனிதர் 2002 செப்டம்பரில் 17ஆம் சீடாக (தரவரிசையை வைத்துப் போட்டிக்கு முன்பே தரப்படும் இடம்) நியூயார்க் வந்து, காலிறுதியில் 20 வயது ராடிக்கை நேர் செட்களில் அனுப்பிவைத்து, இறுதியில் அகாசியையும் வென்றார். அதன்பின் ஏடிபி எனப்படும் ஆண்கள் தொழில்முறைப் போட்டி எதிலும் ஆடவில்லை. 2001 ஜூலையில் யுகம் முடிந்துவிட்டது என்றால், அந்தக் கோப்பையை எந்தக் கணக்கில் எழுதுவது?

இளையவர் பெரியவரை வீழ்த்துவதை நாம் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம் என்று இப்போது நினைக்கிறேன். அது ஒருநாள் கூத்து. ஒரு கிராண்ட் ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) என்பது இரண்டு வாரத்தில் ஏழு ஆட்டம். வீழ்த்தியவர் அதற்கு அடுத்த ஆட்டங்களில் என்ன செய்தார் என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும். இளையவர், மூத்தவர் இருவருக்கும் இதே கேள்விதான்.

2019 ஆஸ்திரேலிய ஓப்பன் நினைவிருக்கும். 20 வயது சிட்சிபாஸ், முந்தைய இரண்டு ஆண்டும் அங்கே வென்றிருந்த ஃபெடரரை நான்காவது சுற்றில் வீழ்த்தினார். எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு, அதாவது பிரேக் பாயிண்ட், ஃபெடரருக்கு 12 முறை கிடைத்தும் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. மைதானத்திலேயே முன்னாள் சாம்பியன் மெக்கன்ரோ, காவல் கைமாறுவதை, அதாவது ஒரு தலைமுறை போய் அடுத்தது வருவதைப் பார்க்கிறோம் என்று அறிவித்துவிட்டார். சிட்சிபாஸ் காலிறுதியைத் தாண்டினார். அரையிறுதியில் நடால் அவரை 6-2, 6-4, 6-0 என்று துடைத்துப் போட்டார். இறுதியில் மோதியவர்கள் 31 வயது ஜோகோவிச்சும் 32 வயது நடாலும். காவல் கைமாறிய லட்சணம் அது.

உடம்பு என்ற விஷயம் எனக்கு உறைத்தது தொலைக்காட்சியில் அல்ல, நுங்கம்பாக்கத்தில். 2008 ஜனவரி, சென்னை ஓப்பன் அரையிறுதி. 21 வயது நடாலுக்கு எதிரே 31 வயது கார்லோஸ் மோயா. இருவரும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்காரர்கள். மோயாவைப் பார்த்து வளர்ந்த பையன் நடால். பின்னாளில் மோயாவே அவருக்குப் பயிற்சியாளராகவும் வந்தார். மூன்று செட், மூன்றும் 6-6 வரை போய் டை-பிரேக்கில் முடிந்தன. கிட்டத்தட்ட நாலு மணி நேரம். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி டை-பிரேக்கை 7-1 என்று நடால் எடுத்தபோது என் பக்கத்து இருக்கைக்காரர், இனி பத்து வருஷத்துக்கு இவன் ராஜ்ஜியம்தான் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த நாள் இறுதி. ரஷ்யாவின் யூஷ்னி 6-0, 6-1 என்று ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். நடால் பந்தை நோக்கிக் கிளம்புவார், பாதியில் நின்றுவிடுவார். ஏதோ ஒரு கட்டத்தில் கூட்டம் அவருக்காகக் கை தட்டுவதையே நிறுத்திவிட்டது, பாவமாக இருந்ததால். யூஷ்னியே பிறகு, தான் பிரமாதமாக ஆடிவிடவில்லை, நடாலால் நகர முடியவில்லை என்கிற மாதிரிதான் பேசினார். 21 வயதில், மூன்று பிரெஞ்சு ஓப்பன் பட்டங்களோடு இருந்தவருக்கே முந்தின இரவின் விலை அவ்வளவு.

இப்போது உங்கள் மெல்போர்னுக்கு வருவோம். காலிறுதியில் ஜோகோவிச் அல்கராஸை வென்றது அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த ஆட்டம்? அரையிறுதியில் ஜ்வெரேவிடம் முதல் செட்டை டை-பிரேக்கில் விட்டதும், கால் தசை கிழிந்திருந்ததால் எதிராளிக்குக் கை கொடுத்து, ஆட்டத்தை அத்தோடு விட்டு வெளியேறினார். அவரைக் கூச்சலிட்டு அனுப்பிய கூட்டத்தை ஜ்வெரேவ்தான் கண்டித்தார். 37 வயதில் அவர் தோற்றது ஜ்வெரேவிடம் அல்ல, மூன்று நாள் முன்பு தான் ஜெயித்த ஆட்டத்திடம். நியூயார்க்கில் அல்கராஸிடம் தோற்றபின் அவரே, மூன்று செட் ஆட்டமென்றால் இவர்களோடு மோத எனக்கு வாய்ப்பு அதிகம், கிராண்ட் ஸ்லாமின் கடைசிக் கட்டத்தில் ஐந்து செட் என்பதுதான் கஷ்டம் என்ற பொருளில் பேசினார். அதற்குச் சாட்சியும் உண்டு. 2024 பாரீஸ் ஒலிம்பிக் இறுதியில், மூன்றில் இரண்டு செட் எடுத்தால் போதும் என்ற ஆட்டத்தில் இதே அல்கராஸை 7-6, 7-6 என்று வென்றாரே.

அல்கராஸின் விஷயம் தனி. 2022 மாட்ரிட்டில், 19 வயது முடிந்த மறுநாள் காலிறுதியில் நடாலை வென்றார், நடுவில் கணுக்கால் பிசகியும். அதற்கு அடுத்த நாள் ஜோகோவிச்சை, கடைசி செட் டை-பிரேக் வரை போய். எனக்கு நுங்கம்பாக்கம் நினைவு வந்து, நாளைக்குப் பையன் சுருண்டுவிடுவான் என்று வீட்டில் சொன்னேன். ஞாயிறன்று ஜ்வெரேவை 6-3, 6-1. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நான்காவது சுற்று ஐந்து செட். காலிறுதி சின்னரோடு ஐந்தேகால் மணி நேரம், அதிகாலை 2.50க்கு முடிந்தது, அரையிறுதியில் டியாஃபோவோடு மறுபடி ஐந்து செட். இறுதியில் ரூடை வென்று கோப்பையோடு உலகின் முதலிடத்தையும் எடுத்துக்கொண்டார். நான் நம்பத் தொடங்கியது அன்றுதான். 2023 விம்பிள்டன் இறுதியில் ஜோகோவிச்சை வென்றபோது எனக்கு அது பழைய செய்தி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூத்தவருக்கு டிராவில், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலில், ஒரு சலுகை உண்டு. 2001 விம்பிள்டனிலிருந்து 32 சீடுகள். ஒரு சீடு இன்னொரு சீடை மூன்றாம் சுற்றுக்கு முன் பார்க்க வேண்டியதில்லை. பல ஆண்டு உழைத்துப் போட்ட டெபாசிட்டின் வட்டி மாதிரி அது. ஜோகோவிச் 7ஆம் சீடாக நியூயார்க் அரையிறுதி வரை போனதில் அதற்கும் பங்கு உண்டு. அதே சமயம் 38ஐத் தொட்ட ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் அரையிறுதி என்பதை வட்டியால் மட்டும் எட்ட முடியாது.

என் கணக்குக்கு அடங்காதவரும் உண்டு. 2021 அமெரிக்க ஓப்பனில் பிரிட்டன் வீராங்கனை ராடுகானு தகுதிச் சுற்றிலிருந்து பத்து ஆட்டங்கள் ஆடி, ஒரு செட்கூட விடாமல் பட்டம் வென்றார். அந்த ஒரு தொடரில் எல்லா ‘அடுத்த ஆட்டமும்’ அவருடையதுதான். அதற்குப் பின் வந்த நாலு வருஷத்தில் ஒரு பட்டம்கூட இல்லை. இதை எங்கே வைப்பதென்று எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள்: அந்த அரையிறுதியை அவன் ஆதாரமாகக் காட்டக்கூடாது. இரண்டு நாள் கழித்து ஞாயிறன்று அல்கராஸ் சின்னரை 6-2, 3-6, 6-1, 6-4 என்று வென்றாரே, அதைக் காட்டட்டும். காட்டினால் நீங்களும் மறுக்க முடியாது.

பழைய கட்டுரையில் அந்த வரியை நான் அழிக்கவில்லை. அதன் கீழே உங்கள் கடிதத்தைச் சேர்த்துவிட்டேன். அக்காவிடம் என் பெயரைச் சொல்லி இரண்டு பேருக்கும் சோறு போடச் சொல்லுங்கள்.