1984 டொயோட்டா பிக்கப்பைக் கரடுமுரடான பாதைக்குத் தயார் செய்ய எங்கே தொடங்குவது?

வண்டியை உயர்த்தும் 4 அங்குல லிஃப்ட் கிட்டும் 33 அங்குல டயரும் வாங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அவை ஓரமாக இருக்கட்டும். முதலில் சேஸிஸைச் சுத்தியலால் தட்டுங்கள், குறிப்பாகப் பின் ஸ்பிரிங்கைச் சேஸிஸில் பிடிக்கும் ஹேங்கர்களைச் சுற்றி. மந்தமான சத்தம் வந்தால் உள்ளே துரு. வெட்டி வெல்டிங் செய்த பிறகே மற்றதெல்லாம்.

அடுத்து முன் ஆக்சில். 1985 வரை வந்த 4x4 மாடல்களின் பலமே, இரு முன் சக்கரங்களையும் ஒரே துண்டாக இணைக்கும் அந்த முழு ஆக்சில்தான். நக்கிளில் (ஆக்சில் முனையில் சக்கரம் திரும்பும் மூட்டு) கருப்புக் குழம்பு வழிந்தால், உள் ஆக்சில் சீல் போய் கியர் ஆயில் கிரீஸில் கலந்திருக்கிறது. வெளி சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் கூம்பு வாஷர்கள் இறுகியிருக்கும், நெம்பாதீர்கள். ஸ்டட் (மரையுள்ள கம்பி) முனையில் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினால் துள்ளி வெளியே வரும். உள் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும், உளி வேண்டாம். நக்கிள் பேரிங் ஷிம்களை (மெல்லிய இடைவெளித் தகடுகள்) மேல், கீழ், இடம், வலம் என்று எழுதித் தனித்தனியே வையுங்கள். கலந்துவிட்டால் நக்கிள் மையம் விலகி சீல் மறுபடி ஒழுகும்.

இந்த வண்டியின் 22ஆர் என்ஜினில் டைமிங் செயினின் பிளாஸ்டிக் கைடு உடைவது சகஜம். தளர்ந்த செயின் அதன் கவரை அரித்துத் துளையிட்டால் கூலண்ட் ஆயிலில் இறங்கும். இரும்புத் தகடு பதித்த கைடு போடுங்கள்.

33 அங்குல டயருக்கு ஆக்சிலின் 4.10 கியர் விகிதம் இழுக்காது; 4.88 பொருத்தம். இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் கட்டாயம். லிஃப்டோடு நீளமான பிரேக் ஹோஸும் போடுங்கள்.