கூட்டுச் சோலார்: கடைக்காரர்கள் கேட்டவை

மருதமுனையில் ஆறு நெசவுக்காரர் இருக்கிறோம். ஆளாளுக்குக் கூரை சின்னது. சங்கக் கட்டடத்தின் மேல் சேர்ந்து பேனல் போட்டு ஆறு பேர் பில்லிலும் கழிக்கலாமா?

அமெரிக்காவின் மினசோட்டாவில் 2013இல் இதற்குச் சட்டமே போட்டார்கள். பேனல் எங்கோ நிற்கும், உங்கள் பங்குக்குரிய தொகை உங்கள் பில்லில் கழியும். இங்கே இலங்கையில் 2016இல் வந்த ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சோலார் திட்டங்களில், பேனல் எந்த மின்கணக்கில் இணைந்ததோ அந்தக் கணக்குக்குத்தான் வரவு.

அதனால் கரண்டைப் பங்கு போட நினைக்காமல் வருமானத்தைப் பங்கு போடுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரே கணக்கு, நெட் பிளஸ் முறை. உற்பத்தியாகும் யூனிட் முழுவதும் விற்பனைக்குப் போகும். காசு சங்கத்துக்கு வரும். முதல் போட்ட விகிதப்படி பிரித்துக்கொள்ளலாம். அவரவர் பில்லை அவரவர்தான் கட்ட வேண்டும்.

பேனலுக்கு முற்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தை எழுதுங்கள். ஒருவர் தறியை நிறுத்தினால் அவர் பங்கு யாருக்கு? கூரை ஒழுகினால் யார் செலவு? இன்வேட்டர் (பேனல் கரண்டை நாம் பாவிக்கும் கரண்டாக மாற்றும் பெட்டி) பேனல் அளவுக்கு உழைக்காது, இடையில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அதற்கு மாதாமாதம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, முன்பே போட்டவருக்குக் கிடைக்கும் யூனிட் விலையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். புதிய இணைப்புக்கு இன்று என்ன விலை என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள்.

என் கூரையில் உற்பத்தி மிஞ்சுகிறது. பக்கத்துக் கடைக்கு வயர் இழுத்துக் காசு வாங்கலாமா? (காத்தான்குடி)

வேண்டாம். மின்சாரம் விற்க உரிமம் வேண்டும்.

ஏறாவூரில் பேக்கரி. சோலார் போட்டால் கரண்ட் போனாலும் வேலை நடக்குமா?

பேட்டரி இல்லாவிட்டால் நடக்காது. லைன் நின்றதும் சாதாரண இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரைக் கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நல்ல வெயிலில் பேனல் மின்ன, உள்ளே மா பிசையும் மெஷின் நிற்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். வேலை இரவில்தானே, சோலார் எதற்கு என்று தயங்க வேண்டாம். உங்கள் சொந்தக் கூரை, சொந்த மீட்டர் என்றால் நெட் அக்கவுண்டிங்கில் பகல் யூனிட் இரவுப் பாவனையில் கழியும்.

கல்லடியில் கடற்கரையோரம் கடை. உப்புக் காற்று தாங்குமா?

பேனலின் கண்ணாடி தாங்கும். பிரச்சினை நட்டு, போல்ட்டில். இரும்பு வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு என்று விலைமனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். 1978 சூறாவளியைப் பார்த்த ஊர் என்பதால் கூரை மரத்தையும் ஒரு மேசனோ தச்சரோ ஏறிப் பார்க்கட்டும். மார்கழி மழையில் உற்பத்தி படுத்துவிடும். கடன் தவணையைச் சித்திரை வெயிலை நம்பிப் போடாதீர்கள்.