வாசகர் கேள்வி பதில்: ஆச்சியின் மேடைப் பாடம்

கே: 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி வருவது சில காட்சிகள்தான். அப்படியும் மறக்க முடியவில்லையே, ஏன்?
(காரைக்குடி வாசகி)

ப: ரமாமணி ஒரு நாடகக்காரி. அந்த உலகம், அவளாக நடித்த 'ஆச்சி' மனோரமாவுக்குப் புதிதல்ல. சிறு வயதிலேயே மேடையேறி, எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடக மன்றத்தில் நடித்தவர். இயக்குநர் ஏ.பி.நாகராஜனும் டி.கே.எஸ். நாடகக் குழுவில் பெண் வேடம் கட்டியவர். நாதஸ்வரக்காரராக வரும் சிவாஜியிடம் நாயனத்தைப் பற்றிக் கேட்கும் இடத்தைப் பாருங்கள்: ரமாமணிக்கு அது நிஜமான சந்தேகம். 'இது ஜோக்' என்று கண்ணைக் காட்டியிருந்தால் காட்சி அங்கேயே படுத்திருக்கும். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) கண்ணம்மாவும் அப்படித்தான். 'கம்முனு கெட' என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், ஒவ்வொரு தடவையும் ஏற்ற இறக்கம் வேறு. அவளுக்குக் கோபம், சிரிப்பு நமக்கு.

கே: மனோரமா கதாநாயகியாக நடித்ததுண்டா?
(மன்னார்குடி வாசகர்)

ப: உண்டு, 'கொஞ்சும் குமரி' (1963). ஆனால் 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் போட்ட நகைச்சுவை வேடம்தான் அவருடைய பாதையாக அமைந்தது. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது 'புதிய பாதை' (1989) படத்துக்கு. எனக்குக் கேட்டால், மிகவும் தாமதம்.

கே: சபா நாடகங்களில் அம்மா வேடம் போடுகிறேன். கேமரா முன்னால் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?
(மயிலாப்பூர் வாசகி)

ப: முதலில் குரல். கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகினால் கழுத்து நரம்பு புடைக்கும், புருவம் தானாக ஏறும். மேடையில் அது தெரியாது, குளோஸப்பில் அதுதான் தெரியும். அடுத்தது, சிரிப்புக்காகக் காத்திருப்பது. மேடையில் கைதட்டல் அடங்கும்வரை நிற்பீர்கள். படப்பிடிப்பில் அந்த இடைவெளி வெறும் ஓட்டையாகிவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது கன்டினியூட்டியில், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில். 'வாப்பா' என்னும்போது டம்ளர் வலது கையில் இருந்தால், குளோஸப்பிலும் அதே சொல்லுக்கு அதே கைதான். இல்லாவிட்டால் எடிட்டரால் இரண்டு ஷாட்டையும் ஒட்ட முடியாது, நன்றாக நடித்த டேக்கே வெட்டுப்படும். முந்தானையும் அப்படியே.

பிறகு டப்பிங், அதாவது நடித்த வசனத்தைப் பின்னால் மறுபடி பேசிப் பதிவது. நாடகத்தில் தினமும் ஒரு சொல்லைக் கூட்டிக் குறைப்பது வழக்கம். டப்பிங்கில் அது உதட்டசைவோடு பொருந்தாது. எங்கே மூச்சு விட்டீர்கள், எந்தச் சொல்லை விழுங்கினீர்கள் என்று அன்றைக்கே வசனத் தாளில் பென்சிலால் குறித்து வையுங்கள். டப்பிங்குக்குக் கூப்பிட மாதக்கணக்கில் ஆகலாம்.