விதிப்படி ஓட்டுகிறேன், பின்னால் வருபவர் விரட்டுகிறார்: நான் என்ன செய்ய?

கேள்வி: பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். வேக வரம்பைத் தாண்டுவதில்லை. பலகையில் 80 என்று இருந்தால் 80-இல்தான் போவேன். ஆனாலும் பின்னால் வருபவர்கள் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்து ஹைபீம் அடிக்கிறார்கள். சட்டப்படி போகிற நான் எதற்கு வழிவிட வேண்டும் என்று அதே லேனில் தொடர்வேன். சில நேரம் பிரேக்கை லேசாகத் தொட்டு எச்சரிப்பதும் உண்டு. சமீபத்தில் அப்படி ஒருவர் என்னை முந்திப் போய், சிக்னலில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். மனைவி பயந்துவிட்டார். "ஸ்டியரிங்கைப் பிடித்தால் நீங்கள் வேறு ஆள்" என்கிறார். தவறு என்மீதா?

பதில்: வேகத்தில் உங்கள்மீது தவறில்லை. லேனில் இருக்கிறது. பிரேக்கில் நிச்சயமாக இருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் மனத்தில் இவை மூன்றும் 'நான் விதிப்படி போகிறேன்' என்ற ஒரே வாக்கியமாகக் கலந்து கிடக்கின்றன.

முதலில் வேகம். யார் விரட்டினாலும் வரம்பைத் தாண்டாதீர்கள். 'பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போனால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. ஒரே தெருவில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, ஒன்று 50-இல், மற்றொன்று 60-இல். திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே விநாடி தாமதத்தில், ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். உலர்ந்த சாலையில் 50-இல் வந்த கார் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். அது நின்ற அதே இடத்தை 60-இல் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் ஏறக்குறைய 40. கூடுதலாக இருந்தது பத்துதான், மோதும்போது மிச்சம் இருப்பது நாற்பது. கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே வேகமான கார் அதிக தூரம் ஓடிவிடுகிறது. அதன் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரு சாலையின் சராசரி வேகம் ஒரு சதவீதம் உயர்ந்தால் உயிர்பலி விபத்துகளின் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு சதவீதம் உயரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையொட்டித்தான். மக்களும் வாகனங்களும் கலந்து நடமாடும் இடங்களில் 30-க்கு மேல் வேண்டாம் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு வலியுறுத்தியதற்கும் காரணம் இதுதான்.

அவசரத்தால் கிடைக்கும் லாபமோ சொற்பம். பத்து கிலோமீட்டர் தூரத்தை 80-இல் போனால் ஏழரை நிமிடம், 100-இல் போனால் ஆறு நிமிடம். ஒன்றரை நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஹைபீம். அதே பத்து கிலோமீட்டரை 30-க்குப் பதில் 40-இல் போனால் ஐந்து நிமிடம் மிச்சமாகும். ஏற்கெனவே வேகமாகப் போகிறவர் இன்னும் வேகம் கூட்டினால் மிச்சமாகும் நேரம் குறைந்துகொண்டே போகும். நம் மனக்கணக்கு இதை எப்போதும் தப்பாகவே போடுகிறது.

அடுத்தது லேன். இங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். முந்துவதற்கான லேன் முந்துவதற்குத்தான். முந்தி முடித்ததும் வழக்கமான லேனுக்குத் திரும்ப வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் சாலை விதியாகவே இருக்கிறது. 'நானே வரம்பு வேகத்தில் போகிறேன், இதற்கு மேல் யாருக்கு வேகம் வேண்டும்?' என்பது நியாயமான வாதமாகத் தோன்றும். ஆனால் அந்த வாதத்தோடு அங்கேயே நிற்கும்போது நீங்கள் ஓட்டுநர் வேலையை விட்டுவிட்டுப் போக்குவரத்துக் காவலர் வேலையை எடுத்துக்கொள்கிறீர்கள். சீருடை இல்லை, அதிகாரம் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நீங்கள் மறித்ததால் யாரும் வேகத்தைக் குறைத்துத் திருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் தவறான பக்கத்தில் புகுந்து முந்துவார், அதுவும் உங்களை உரசிக்கொண்டு.

இன்னொன்று, உங்கள் 80 உண்மையில் 80-ஆக இல்லாமலும் இருக்கலாம். பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா. விதி 39-இன்படி ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படியே அமைக்கிறார்கள். முள் 80-ஐத் தொடும்போது கார் 76-இல் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். ஆகவே உங்களை முந்துகிறவர் எல்லோரும் சட்டத்தை மீறுபவர் என்று தீர்ப்பெழுத வேண்டாம்.

மூன்றாவது, பிரேக். இதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 80-இல் ஒரு கார் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. உங்கள் பிரேக் விளக்கைக் கண்டு அவர் கால் நகரவே ஒரு விநாடி ஆகும். அவரோ உங்களுக்கு எட்டு மீட்டர் பின்னால் இருக்கிறார். நீங்கள் 'லேசாகத் தொட்டது' உங்கள் மனத்தில்தான் லேசானது. அவர் பயந்து அழுத்தி மிதிப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் அதைவிட அழுத்தி மிதிப்பார். 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓடவிட்டுப் பார்த்தார்கள். எந்தத் தடையும் வைக்காமலே, சின்னச் சின்ன வேக மாற்றங்கள் பின்னோக்கிப் பெருகிச் சில கார்கள் முற்றிலும் நின்றே போயின. காரணமே இல்லாமல் சாலையில் தேங்கி நிற்கும் நெரிசல் பலவும் இப்படி உண்டாவதுதான். மேலும், வேண்டுமென்றே பிரேக் பிடித்தீர்கள் என்று கேமராவில் பதிவாகியிருந்தால், பின்னாலிருந்து இடித்தவர்மீது மட்டும்தான் குற்றம் என்று நீங்கள் நம்பியிருக்க முடியாது.

அப்படியானால் ஒட்டி வருபவரை என்ன செய்வது? வேகத்தைக் கூட்ட வேண்டாம், குறைத்துக் காட்டவும் வேண்டாம். உங்களுக்கு முன்னால் உள்ள இடைவெளியை அதிகமாக்குங்கள். வழக்கமாக இரண்டு விநாடி இடைவெளி விட வேண்டும்: முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்து இரண்டு விநாடி ஆன பிறகே நீங்கள் அதைக் கடக்க வேண்டும். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் உலர்ந்த சாலையிலும் நான்கு விநாடி விடுங்கள். அவருக்குத் தேவையான இடைவெளியையும் சேர்த்து நீங்களே முன்னால் வைத்திருக்கிறீர்கள். முன்னால் ஏதாவது நடந்தால் மெதுவாக, நீளமாகப் பிரேக் பிடிக்க முடியும். பிறகு முதல் வாய்ப்பிலேயே இண்டிகேட்டர் போட்டு விலகி விடுங்கள். ஒற்றை லேன் சாலை என்றால் அகலமான இடமாகப் பார்த்துச் சைடு கொடுங்கள். தோற்றுப்போனதாக உள்ளே ஏதோ உறுத்தும். அது பத்து விநாடிகூட நிலைக்காது, அதற்குள் அவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருப்பார்.

ஆனால் வழிவிடும் குணத்தை அளவுக்கு மீறியும் கொண்டுபோகாதீர்கள். ஓடும் போக்குவரத்தில் திடீரென்று நிறுத்தி, 'நீங்கள் போங்கள்' என்று கைகாட்டும் நல்லவர்களால் நடந்த விபத்துகள் கணக்கற்றவை. நீங்கள் நின்றீர்கள், பக்கத்து லேன் நிற்கவில்லை. உங்கள் கையை நம்பிக் கடந்தவர் அதில் மாட்டிக்கொள்வார். முன்னுரிமை உங்களுக்கு என்றால் எடுத்துக்கொண்டு போங்கள். மற்றவர்கள் எதிர்பார்க்கிறபடி ஓட்டுவதுதான் சாலையில் அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

இனி, உங்கள் மனைவி சொன்ன 'வேறு ஆள்'. அவர் கவனித்தது சரிதான், இது உங்களுக்கு மட்டும் நேர்வதும் அல்ல. வரிசையில் நிற்கும்போது ஒருவர் தோள் இடித்தால் திரும்பிப் பார்க்கிறோம், அவர் 'மன்னிச்சுக்கங்க' என்கிறார், முடிந்தது. காரில் முகம் தெரியாது, குரல் கேட்காது, மன்னிப்புக் கேட்க ஒரு விளக்கும் கிடையாது. இருப்பது ஹாரன் மட்டும். அதனால் அடுத்தவருடைய கவனக்குறைவு எல்லாம் திமிராகவே தெரிகிறது. நாம் லேன் மாறினால் 'கவனிக்கவில்லை', அவர் மாறினால் 'வேண்டுமென்றே செய்தான்'.

கோபம் எவ்வளவு தூரம் சூழ்நிலையைச் சார்ந்தது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. 1968-இல் அமெரிக்காவில் டூப், கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் பச்சை விழுந்த பிறகும் ஒரு காரை நகர்த்தாமல் நிறுத்திப் பார்த்தார்கள். பழைய, மலிவான கார் நின்றால் பின்னாலிருந்தவர்கள் சீக்கிரமே ஹாரன் அடித்தார்கள்; விலையுயர்ந்த கார் என்றால் பொறுத்துக்கொண்டார்கள். இதே மாதிரியான சோதனையை 1986-இல் பீனிக்ஸ் நகரின் வெயிலில் செய்தபோது, வெப்பம் ஏற ஏற ஹாரனும் ஏறியது, அதிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தவர்களிடம் அதிகமாக. 'அநியாயத்தைக் கண்டு பொங்கினேன்' என்று நாம் நினைக்கும் கோபத்தில் ஒரு பங்கு வெயிலுடையது. 1999-இல் கனடிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: இரண்டு லேன்களும் ஒரே சராசரி வேகத்தில் நகர்ந்தாலும், பக்கத்து லேன்தான் வேகமாகப் போகிறது என்று தோன்றும். நாம் பிறரை முந்தும்போது பல கார்களைச் சில விநாடிகளில் கடந்துவிடுகிறோம். நம்மை முந்துகிறவர்களையோ நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நெரிசலில் லேன் மாறிக்கொண்டே இருப்பவர்களின் அவஸ்தை இதுதான்.

'அவருக்கு ஏதோ மருத்துவமனை அவசரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்' என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பத்து பேருக்கும் மருத்துவமனை அவசரம் இருக்காது என்று மனத்துக்குத் தெரியும். அதைவிடப் பயன்படுவது, கிளம்பும் நேரத்தை மாற்றுவது. பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியவரை ஹைபீம் அவ்வளவாகச் சுடுவதில்லை. ஓட்டும்போது தாடை இறுகியிருக்கிறதா, ஸ்டியரிங்கை நெரிக்கிறீர்களா என்று அவ்வப்போது பாருங்கள். கோபம் வருவதை மனத்துக்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும். அந்த நேரத்தில் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், கண்ணாடியில் பின்னால் பார்ப்பதைக் குறையுங்கள். பின்னால் வருபவரின் முகபாவத்தை ஆராய்ந்துகொண்டே ஓட்டினால் முன்னால் நிற்கும் லாரி தெரியாது.

கடைசியாக, இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுகிறவர். அங்கே எந்த நியாயமும் எடுபடாது. கதவைப் பூட்டுங்கள், கண்ணாடியை இறக்காதீர்கள், இறங்கவே இறங்காதீர்கள். முறைக்க வேண்டாம், போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டிப் படமெடுப்பதும் நெருப்பை விசிறுவதுதான். சிக்னலில் நிற்கும்போதே முன்னால் உள்ள வண்டியின் பின் டயர்கள் தரையைத் தொடுவது உங்கள் இருக்கையிலிருந்து தெரியும்படி இடம் விட்டு நிற்பதைப் பழக்கமாக்குங்கள். அந்த இடம் இருந்தால் ஸ்டியரிங்கை ஒடித்து வெளியேறிவிடலாம். அவர் பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், வீட்டைக் காட்டிக்கொடுத்தது போலாகும். காவல் நிலையமோ, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையமோ எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். பக்கத்தில் இருப்பவர் அவசர எண்ணுக்கு அழைக்கட்டும். வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் மறப்பதற்குள் எழுதிவைத்துப் புகார் கொடுங்கள்.

அவர் போன பிறகும் உடனே கிளம்ப வேண்டாம். கை நடுக்கமும் படபடப்பும் அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நிலையில் தூரமும் வேகமும் சரியாகத் தெரியாது. பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி நிறுத்துங்கள். மனைவிக்கு ஓட்டத் தெரியும், அவர் உங்களைவிட நிதானமாக இருக்கிறார் என்றால், மீதித் தூரத்துக்குச் சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.