கண்ணும் காதும் குறைஞ்ச பெரியவங்களுக்கு டிப்ரஷன் டெஸ்ட்: உங்க கேள்விகளுக்கு பதில்

போன தடவை வயசானவங்க டிப்ரஷன் பத்தி எழுதினதுக்கு வந்த கேள்விகள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தை வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, வீட்டுல அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ கண்ணும் சரியா தெரியல காதும் கேக்கல, இவங்களுக்கு எப்படி டெஸ்ட் பண்றதுன்னு. அதனால இந்த முறை அது மட்டும்தான். மத்த கேள்விகள் அடுத்த முறை.

பெங்களூர் ஒயிட்ஃபீல்ட்ல இருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு வயசு 81. நெட்ல பிஹெச்க்யூ-9ங்கற ஒன்பது கேள்வி டிப்ரஷன் டெஸ்ட் போட்டு பாத்தேன், 17 வந்துச்சு. எந்த மாத்திரை நல்லது?

யாரு போட்டது தம்பி? நீங்க போட்டீங்க, அப்பா போடல. அது உங்க கணிப்போட ஸ்கோர். அப்பாவுக்கு கண்ணு எவ்வளவு தெரியுது, காது எவ்வளவு கேக்குது, ஏற்கனவே என்னென்ன மாத்திரை எடுக்கறார், எதுவுமே எழுதல. கடைசி வரியில "மாகுலா ப்ராப்ளம் இருக்கு, மெஷின் வச்சும் கேக்காது"ன்னு சேத்திருக்கீங்க, அதைத்தான் முதல் வரியில எழுதியிருக்கணும். அந்த ஒன்பது கேள்வில ஒண்ணு பேப்பர் படிக்கறதுல, டிவி பாக்கறதுல கவனம் நிக்குதான்னு கேக்கும். மாகுலாங்கறது விழித்திரையோட நடுப்பகுதி, அது போனவரு பேப்பர் எப்படி படிப்பார்? நீங்க அங்க அதிகபட்ச மார்க்கான 3 போட்டிருப்பீங்க. மெதுவா நடக்கறார், மெதுவா பேசறார்ங்கறதுக்கு இன்னொரு 3. தரை தெரியாதவர் மெதுவாத்தான் நடப்பார், அடுத்தவர் சொன்னது பாதி கேக்காதவர் யோசிச்சுத்தான் பதில் சொல்வார். 17ல 6 அங்கயே போச்சு. அதுக்காக டிப்ரஷன் இல்லைன்னு நான் சொல்ல வரல, மீதி 11 வந்தாலே டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய அளவுதான். நேர்ல கூட்டிட்டு போங்க. மாத்திரையை நீங்களா ஆரம்பிக்காதீங்க, இந்த வயசுல சில டிப்ரஷன் மாத்திரைக்கு ரத்தத்துல சோடியம் (உப்பு சத்து) இறங்கும், பழைய வகை சிலது பார்வையை இன்னும் மங்கலாக்கும், குறுகின கோண க்ளாக்கோமான்னு ஒரு வகை கண் அழுத்த நோய் இருந்தா ஆபத்து.

முதியவங்களுக்கான டிப்ரஷன் டெஸ்ட் ஜிடிஎஸ், 15 கேள்வி உள்ளதை போடணுமா 30 கேள்வி உள்ளதையா?

15. ஆமா-இல்லன்னு பதில் சொன்னா போதும், நாலு ஆப்ஷனை காதுல வாங்கி ஞாபகம் வச்சுக்கற கஷ்டம் இல்ல. 5க்கு மேல போனா விவரமா பாக்கணும். ஆனா அதுலயும் "வெளிய போறதை விட வீட்டுல இருக்கறது பிடிக்குமா", "பல வேலைகளை விட்டுட்டீங்களா"ன்னு கேள்வி வரும். ஆமான்னு சொன்னா "ஏன்"னு ஒரு தடவை கேட்டு பக்கத்துல எழுதி வைங்க. ரோடு தெரியலன்னு வீட்டுல இருக்கறதும், யாரையும் பாக்கவே பிடிக்கலன்னு இருக்கறதும் ஒண்ணு இல்ல.

மாமனாருக்கு ஹியரிங் எய்ட் பிடிக்காது. போடாம டெஸ்ட் பண்ணலாமா?

கூடாது. எப்பவும் சொல்றதுதான், முதல்ல காதுல அழுக்கு இருக்கான்னு பாருங்க, பேட்டரி பாருங்க, கண்ணாடியை துடைச்சு போட்டு விடுங்க, அப்பறம்தான் கேள்வி. எய்ட் வேண்டவே வேண்டாம்னா ஹெட்ஃபோனோட வர்ற சின்ன ஆம்ப்ளிஃபையர் கிடைக்குது, அந்த அரை மணி நேரத்துக்கு அது போதும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்து பேசாதீங்க, உங்க மூஞ்சி அவருக்கு இருட்டாத்தான் தெரியும். கத்தவும் கத்தாதீங்க, கத்தினா சத்தம்தான் கூடும், வார்த்தை தெளியாது. மெதுவா, கனமான குரல்ல, மாஸ்க் இல்லாம.

அல்சூர்ல இருந்து ஒரு மருமகள்: அத்தையை மனநல டாக்டர்கிட்ட காட்டினோம். டாக்டர் கன்னடத்துல கேட்டார், அத்தைக்கு தமிழ் மட்டும்தான், என் வீட்டுக்காரர் காதுகிட்ட சத்தமா கேட்டு பதில் சொன்னார். ஸ்கோர் 2, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. ஆனா அத்தை ராத்திரி தூங்கறதில்ல, சாப்பாட்டுல பாதியை வச்சிடறாங்க. ஸ்கோரை நம்பலாமா?

நம்பாதீங்கம்மா. நீங்க பாக்கறதை நம்புங்க.

இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் திரும்ப எழுத வேண்டியிருக்கு, இந்த ஊர்ல தினமும் நடக்கறது இது. அந்த ரூம்ல என்ன நடந்திருக்கும்னு பாருங்க. டாக்டர் "வாழ்க்கை வீணா போச்சுன்னு தோணுதா"ன்னு கேக்கறார். மகன் அதை அப்படியே அம்மா காதுல கத்த மாட்டார், கதவுக்கு வெளிய பத்து பேர் உக்காந்திருக்காங்க, அவருக்கே கூச்சம். அதனால "அம்மா, நல்லா இருக்கல்ல?"ன்னு கேப்பார். அம்மாவுக்கு அதுவும் பாதிதான் கேக்கும், மூஞ்சியும் தெரியாது, சிரிக்கறானா கோவமா இருக்கானான்னு கூட தெரியாது, தலையாட்டி வைப்பாங்க. காது கேக்காதவங்க தலையாட்டறதை பதில்னு எடுத்துக்கவே கூடாது, திரும்ப கேட்டா எரிஞ்சு விழுவாங்களோன்னு பழகிப்போன தலையாட்டல் அது. கேட்டதை அவங்க வாயாலயே திருப்பி சொல்ல சொல்லணும், அப்பதான் போய் சேந்துச்சான்னு தெரியும்.

இதை விட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா"ங்கற கேள்வியை பெத்த பிள்ளை வாயால கேட்டா எந்த அம்மாவும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. பிள்ளை மனசு ஒடிஞ்சு போகும்னு மறைப்பாங்க, அவனுக்கு பாரமா இருக்கோம்ங்கற நினைப்புதான் அவங்களை அரிக்கறதே. அந்த கேள்வியை குடும்பத்தாளுங்களை வெளிய அனுப்பிட்டு, அவங்க மொழி தெரிஞ்ச நர்ஸோ சோஷியல் வொர்க்கரோ சைக்காலஜிஸ்டோ கிட்ட உக்காந்து கையை பிடிச்சு கேக்கணும். கேட்டா எண்ணத்தை கிளப்பி விட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படறாங்க, அது உண்மை இல்ல, கேட்டா பல பேருக்கு சொல்ல ஒரு வழி கிடைக்குது. இப்படி யாரும் தனியா கேக்காம வந்த 2ஐ வச்சு ஒரு பெரியவரை ஒண்ணுமில்லன்னு அனுப்பறதை நான் எந்த காலத்துலயும் ஒத்துக்க மாட்டேன்.

நீங்க இப்ப செய்ய வேண்டியது: தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும்னு அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்க, இங்க இருக்கற அரசு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்லயும் கேக்கலாம், பெங்களூர்ல தமிழ் பேசற சைக்காலஜிஸ்டுக்கு பஞ்சம் இல்ல. கண்ணு காது ரெண்டும் குறைவுன்னு முன்னாடியே சொல்லி டபுள் டைம் கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு தூக்கம், சாப்பாடு, அழுகை, யார்கூட பேசினாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டு போங்க. சாப்பாட்டை வச்சிடறாங்கன்னா தைராய்டு, பி12, சோடியம் எல்லாம் ஒரு தடவை பாக்க சொல்லுங்க. வீட்டுல மாத்திரை டப்பா அவங்க கைக்கு எட்டாம இருக்கட்டும். அடுத்த வாரம்னு தள்ளாதீங்க.

எம்.எஸ்ஸி. சைக்காலஜி மாணவி: என் ப்ராஜெக்ட்ல பார்வை, காது பிரச்சனை இருக்கறவங்களை சேக்காம விட்டுட்டா டேட்டா க்ளீனா வரும்னு நெனைக்கறேன். சரியா?

சரி இல்ல. முதியவங்களை பத்தி ப்ராஜெக்ட்னு சொல்லிட்டு இவங்களை விட்டா மிச்சம் யாரை அளக்கறீங்க? ரெண்டும் குறைஞ்சவங்களுக்கு டிப்ரஷன் வர வாய்ப்பு ஒண்ணு மட்டும் குறைஞ்சவங்களை விட அதிகம்னு பல ஆய்வு சொல்லுது, நீங்க வெட்டி எறியறது அவங்களைத்தான். சேத்துக்கோங்க, ஒவ்வொருத்தருக்கும் பார்வையையும் காதையும் அளந்து எழுதுங்க. பார்வை 6/18க்கு கீழ, ரெண்டுல நல்லா கேக்கற காதுல கேள்வி இழப்பு 35 டெசிபலுக்கு மேலங்கறது உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கற கணக்கு. ஊனமுற்றோர் சர்டிஃபிகேட்டுக்கு கேக்கற 60 டெசிபலை எல்லையா வைக்காதீங்க, 45லயே பக்கத்து ரூம் பேச்சு போயிடும். பெரிய எழுத்துல கொடுத்தீங்களா, வாசிச்சு காட்டினீங்களா, கூட யார் இருந்தாங்க, எல்லாம் எழுதணும். கேட்ட முறை மாறினா நம்பரும் மாறும்.

பாட்டிக்கு ராத்திரி ரூம்ல சின்ன பசங்க நிக்கற மாதிரி தெரியுதாம். டிப்ரஷன் முத்திப்போச்சா?

பார்வை போனவங்களுக்கு இப்படி உருவம் தெரியறது உண்டு, சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம்னு பேரு. பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. அந்த பசங்க பேசாம நின்னு, பாட்டிக்கும் அது நிஜம் இல்லன்னு தெரிஞ்சிருந்தா பயம் வேண்டாம், கண் டாக்டர்கிட்ட சொல்லுங்க, லைட் போட்டு வைங்க. குரல் கேக்குது, யாரோ கொல்ல வர்றாங்கன்னு சொன்னாலோ, திடீர்னு குழப்பம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கு ரெண்டுமே சுத்தமா இல்ல. எப்படி கேக்கறது?

உள்ளங்கையில எழுத்து எழுத்தா எழுதி கேக்கலாம், அவருக்கு படிப்பு இருந்தா. பதிலுக்கு ஆமான்னா ஒரு அழுத்து, இல்லன்னா ரெண்டு அழுத்துன்னு முன்னாடியே பழக்குங்க. பதில் தெரிஞ்ச கேள்வியா நாலஞ்சு கேட்டு, அழுத்து சரியா வருதான்னு பாத்துட்டு ஜிடிஎஸ் ஆரம்பிங்க. ஒரே நாள்ல முடிக்க வேண்டாம். கூட டிமென்ஷியாவும் (மறதி நோய்) இருந்தா கார்னல் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, பாத்துக்கறவங்களையும் கேட்டு, அவரையும் பாத்து டாக்டர் போடற 19 கேள்வி. ஆனா பதில் சொல்ல தெரிஞ்சவருக்கு வேலை சீக்கிரம் முடியணும்னு அதை போடாதீங்க.

கேடராக்ட் ஆபரேஷனும் புது ஹியரிங் எய்டும் ஆச்சு. எப்ப திரும்ப டெஸ்ட்?

ரெண்டு மாசம் கழிச்சு. எய்ட் பழகவே சில வாரம் ஆகும். ஆனா ஏற்கனவே டிப்ரஷன்னு டாக்டர் சொல்லி மருந்து ஓடுதுன்னா கண்ணு சரியானதும் நிறுத்திடாதீங்க.

அவசரத்துக்கு தமிழ்ல பேச ஏதாவது நம்பர்?

டெலி மானஸ்னு அரசு மனநல ஹெல்ப்லைன், 14416, காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்னு தேர்ந்தெடுங்க. காது கேக்காத பெரியவர்கிட்ட போனை கொடுத்துட்டு போயிடாதீங்க, பாத்துக்கற நீங்களே பேசலாம். அவரு சாகறது பத்தி பேசினா தனியா விடாதீங்க, பக்கத்துல இருக்கற எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, போகும்போது எய்டையும் கண்ணாடியையும் மறக்காம எடுத்துக்கோங்க.